மவுஞ்சாரோ ஊசி: தொடங்கும் முன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தேன்மொழி:
வணக்கம். என் நாத்தனாருக்கு வயது 46, உயரம் 158 செ.மீ., எடை 92 கிலோ. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருகிறார். வாரம் ஒரு முறை போடும் மவுஞ்சாரோ ஊசியைத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இது உடலுக்குள் என்ன செய்கிறது, எவ்வளவு எடை குறையும், குறைந்தபின் நிறுத்திவிடலாமா, எதற்கெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதுரை மருத்துவர்:
நாம் சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, வயிறு நிறைந்த உணர்வை மூளைக்கு எட்டச் செய்கிறது. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதால், அதே வேலையைச் செய்தபடி பல நாட்கள் உடலில் தங்கும் வகையில் இம்மருந்துகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஒசெம்பிக், வீகோவி ஆகிய ஊசிகளில் உள்ள செமாக்ளூடைட் இந்த ஒரு ஹார்மோனின் வேலையைச் செய்கிறது. மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட், ஜிஐபி என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

செய்திகளில் அடிபடும் 20 சதவீத எடைக் குறைவு, சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் கண்டது. டிர்செபடைட் போட்ட சர்க்கரை நோயுள்ளவர்களை 72 வாரங்கள் கவனித்த சர்மவுண்ட்-2 ஆய்வில் சராசரிக் குறைவு 10 மி.கி. அளவில் 12.8 சதவீதமாகவும், 15 மி.கி. அளவில் 14.7 சதவீதமாகவும் இருந்தது. எனவே உங்கள் நாத்தனார் 12 அல்லது 13 கிலோவை எதிர்பார்ப்பதே நியாயம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முழங்காலுக்கும் அதுவே பெரிய நன்மை.

நிறுத்துவதைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்மவுண்ட்-4 ஆய்வில், 36 வாரங்கள் ஊசி போட்டு எடை குறைந்தபின், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டவர்கள், அடுத்த 52 வாரங்களில் சராசரியாக 14 சதவீதம் எடை கூடினார்கள். பசியை அடக்கியது மருந்து. மருந்து போனால் பசி திரும்பிவிடும். நீண்ட காலம் தொடரக் குடும்பத்தால் செலவு செய்ய முடியுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

திருச்சி மருந்தாளுநர்:
எனக்கு முதலில் கண்ணில் பட்டது கிளிமிபிரைடு. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை அது. அதோடு இந்த ஊசியும் சேரும்போது, சாப்பாடும் குறைவதால், சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துவிடலாம். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊசி 2.5 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரங்களுக்குப் பின் 5 மி.கி.க்கு ஏறும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பெரும்பாலும் அளவு ஏறும் நாட்களில்தான் வரும். விட்டுப்போகாத கடும் வயிற்றுவலி முதுகு வரை பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல்லும் வரலாம். குடும்பத்தில் எவருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசியைப் போடவே கூடாது. அறுவை சிகிச்சை ஏதேனும் வந்தால் மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். போலி செமாக்ளூடைட் குறித்து உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது.

சேலத்துக்காரர்:
நான் இதே ஊசியைப் போட்டு வருகிறேன். அழுகிய முட்டை நாற்றத்துடன் வரும் ஏப்பத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட இரவுகளில்தான் எனக்கு அது அதிகம். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுவதால், முதலில் முட்டையையோ சுண்டலையோ சாப்பிட்டுவிட்டு, மீதி இடத்துக்குத்தான் இட்லி என்று மாற்றிக்கொண்டேன். குறையும் எடையில் தசையும் கணிசமாகப் போகும் என்பதால் நடைப்பயிற்சி மட்டும் போதாது. எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

தேன்மொழி:
மூவருக்கும் மிக்க நன்றி. நாத்தனார் சில ஆண்டுகளாக விழித்திரைப் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. அது தடையாகுமா?

மதுரை மருத்துவர்:
தடையில்லை, ஆனால் ஊசிக்கு முன்பே செய்துவிடுங்கள். விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அந்தப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். பாதிப்பு தெரிந்தால் கண் மருத்துவரின் அறிக்கையை ஊசி பரிந்துரைத்தவரிடம் காட்டுங்கள். அளவை எவ்வளவு மெதுவாக ஏற்றுவது என்பதை அவர் முடிவு செய்வார்.