கோடியக்கரை: ஜனவரியில் சின்ன உள்ளான்களைப் பிரித்துச் சொல்வது எப்படி?

கழிமுகம்:
பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் கோடியக்கரை போகத் திட்டம். கையில் 10×42 பைனாகுலர், 60 மி.மீ. ஸ்கோப். பூநாரை, கோட்டான் (ஆந்தையல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை), நெடுங்கால் உள்ளான் சிக்கலில்லை. சேற்றில் கலந்து ஓடும் சின்னக் கரைப்பறவைகளான கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், மணல் உப்புக்கொத்தி மூன்றில் எதை வைத்து எதைப் பிரிப்பது? எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம்? பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது?

வாடைக்காற்று:
முதலில் நிறத்தை விடுங்கள். ஜனவரியில் எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. இரை தேடும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். பெரிய கண், குட்டை அலகு; பார்த்துக் கொத்தும் பறவை அது. கொசு உள்ளான் தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நகரும். வளைமூக்கு உள்ளான் வயிறு நனையும் ஆழம் வரை இறங்கி, சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவும்.

அடுத்தது கால். கொசு உள்ளானுக்குக் கறுப்பு. மஞ்சளோ பச்சையோ தெரிந்தால் அது வேறு இனம். ஆனால் சேறு அப்பினால் எந்தக் காலும் கறுப்புதான். பறவை தண்ணீரில் நாலு நடை நடந்து கால் கழுவும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு எழுதிய பட்டியல்களில் அதிகம் தப்புவது இங்கேதான். கூட்டம் எழும்பினால் வாலுக்கு மேலே பாருங்கள்: வளைமூக்கு உள்ளானுக்கு அந்த இடம் முழு வெள்ளை, கொசு உள்ளானுக்கு நடுவில் கருங்கோடு.

மணல் உப்புக்கொத்தியில் சின்னது, பெரியது என்று இரண்டு வகை; எது என்ற குழப்பம் வரும். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்னோரம் வரை மனதில் அளந்துகொள்ளுங்கள். அலகு அதைவிடத் தெளிவாக நீளமாக இருந்தால் பெரியது.

உப்பளத்தான்:
இடத்தைத் தண்ணீரின் ஆழம்தான் தீர்மானிக்கும். கொசு உள்ளானின் கணுக்கால் சுமார் 2 செ.மீ. தான். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பி நிற்கும்போது அதற்கு அங்கே வேலையில்லை. மழை ஓய்ந்து விளிம்பு வற்றும்போது வெளிப்படும் ஈரச்சேற்றைத் தேடுங்கள். ஆழமில்லாத நீர் என்பதால் பலமாகக் காற்றடித்தால் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நேற்றைய சேறு இன்று முழங்காலளவு தண்ணீராக இருக்கலாம்.

உப்பளத்தில் உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே இரை கிடையாது, பறவைகள் ஓய்வுக்கு மட்டும் ஒதுங்கும். கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பெரிய பாத்திகளில்தான் புழுக்களும் பூச்சிகளின் இளம்புழுக்களும். உப்பளத்துக்கும் சதுப்பின் உட்பகுதிக்கும் முன் அனுமதி வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

விடிந்ததும் சூரியனை முதுகுக்கு வைத்து உட்காருங்கள். ஒன்பதரைக்கு மேல் கானல் எழும். அப்போது ஸ்கோப்பை 60 மடங்குக்கு ஏற்றினால் கானல்தான் பெரிதாகும். 20, 25லேயே வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் உப்புத் துளி காய்ந்தால் உலர்துணியால் தேய்க்கவே கூடாது, கீறிவிடும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

பவளக்காலி:
எண்ணிக்கைக்கு: முதலில் ஐம்பது பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக நகர்த்துங்கள். மூன்று முறை செய்து சராசரி போடுங்கள். விளிம்பில் பறவைகள் சிதறியும் நடுவில் நெருங்கியும் நிற்கும். ஓரத்தை மட்டும் அளவுகோலாக எடுத்தால் கணக்கு குறைந்துவிடும். இனவாரியாகப் பிரிக்க, நாலைந்து இடத்தில் நூறு நூறாக எடுத்து விகிதம் பாருங்கள்.

கூட்டம் எழும்பும்போது வாலுக்கு மேலே பார்க்கச் சொல்லியிருக்கிறார் வாடைக்காற்று. அது தானாக எழும்பினால் மட்டும். கிளப்பிவிடாதீர்கள். இரை எடுப்பதை நிறுத்தித் தலையை உயர்த்தினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான் அது சேர்க்கிறது.

காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய சிறு கொடி தெரிந்தால் நிறம், மேல் கீழ் வரிசை, பறவைக்கு இடது காலா வலது காலா, மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து, இவை ஐந்தையும் குறித்து, மங்கலாக இருந்தாலும் ஒரு படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். பல பத்தாண்டுகளாக அங்கே வளையம் மாட்டுகிறவர்கள் அவர்கள்.