செங்கோட்டையில் பழைய வீட்டின் வெளிப்பூச்சுப் பணி: குடியிருந்துகொண்டே செய்ய இயலுமா?

மேலத்தெரு மருமகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் உள்ள எங்கள் வீடு என் கணவரின் தாத்தா கட்டியது. 1956 நவம்பரில் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே எழும்பிய வீடு என்பதால், மூலப் பத்திரம் மலையாளத்தில்தான் இருக்கிறது. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையால் கட்டிய கனத்த சுவர்கள். மாடி மட்டும் பிற்காலத்து வார்ப்பு. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் சாரல் நேராக மேற்குச் சுவரில்தான் அடிக்கும். அங்கே பூச்சு உப்பி நிற்கிறது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. அதே சுவரின் உட்புறத்தில், பூஜை அறையில், தரையிலிருந்து இரண்டு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து, நான் துடைக்கத் துடைக்க மறுவாரமே வெள்ளையாகத் திரும்பிவிடுகிறது.

ஒப்பந்தக்காரர் ஒருவர், சித்திரையில் தொடங்கி நான்கு பக்கமும் ஒரே மூச்சில் கொத்திவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து நாற்பத்தைந்து நாளில் முடித்துத் தருவதாகவும், அதுவரை நாங்கள் வாடகைக்குப் போய்விடுவது நல்லது என்றும் சொல்கிறார். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, இளைப்பு உண்டு; வீட்டை விட்டு ஒரு நாளும் வரமாட்டேன் என்கிறார்கள். இங்கேயே இருந்துகொண்டு செய்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தென்காசி ஓவர்சியர் (பணி ஓய்வு):

அம்மா, எங்கே குடியிருப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். சுவரில் தண்ணீர் எந்த வழியாக ஏறுகிறது என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பூச்சு உப்பியிருப்பது மேலிருந்து வரும் மழையால். கைப்பிடிச் சுவரின் தலைப்பில் வெடிப்பு இருக்கிறதா, மாடித் தண்ணீரை வெளியேற்றும் தூம்புக்குழாய் குட்டையாக இருந்து சுவரிலேயே வழிகிறதா, சன்ஷேடு சுவரோடு சேருமிடம் பிளந்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஒருவரை ஏற்றிப் பாருங்கள். பூஜை அறையில் பூப்பது தரையிலிருந்து ஏறும் ஓதம், அதாவது மண்ணின் ஈரம். தெருவுக்கு ரோடு போடப் போட மட்டம் உயர்ந்து, வெளித்தரை உங்கள் வீட்டுத் தரையைவிட மேலே வந்திருக்கும். சுவரோரம் சிமெண்டும் பாவியிருந்தால், மண்ணின் ஈரம் வேறு போக்கில்லாமல் சுவருக்குள்தான் ஏறும். இவற்றைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் மூன்று சாரல் தாங்காது.

அடுத்தது, சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசச் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சும் அதன் மேல் அடிக்கும் பிளாஸ்டிக் வகைப் பெயிண்டும் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் வீட்டின் உட்புறமாக வழி தேடும். உப்பு இன்னும் ஒரு முழம் மேலே ஏறும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் என்று கலவை போடும் கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பு இறுக நாள் பிடிக்கும். இறுகுமுன் சாரல் பட்டால் கரைந்து ஓடும். ஆகவே சித்திரை தாமதம். மாசியில் மேற்குச் சுவரைத் தொடங்கி, உச்சி வெயிலில் ஈரச்சாக்குப் போர்த்தி, பங்குனிக்குள் முடியுங்கள்.

மற்ற மூன்று சுவர்களைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை, அதாவது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஓசை, வரும் இடத்தை மட்டும் கொத்தினால் போதும். நன்றாக இருக்கும் காரையைக் கொத்தி எடுப்பதற்குக் கூலி கொடுப்பதுபோல் வீண் செலவு வேறில்லை.

புளியரை அக்கா:

தங்கைக்கு வணக்கம். போன வருஷம் நாங்கள் வீட்டுக்குள் இருந்தபடியேதான் செய்தோம். முடியும், ஆனால் ஐயா சொன்னதுபோல் ஒவ்வொரு பக்கமாகச் செய்தால்தான் முடியும். நான்கு புறமும் சாரம் கட்டினால் காற்றுக்குத் திறக்க ஒரு ஜன்னல்கூட மிஞ்சாது.

கொத்துகிற நாட்கள்தான் கடினம். பூசுகிற நாட்கள் அவ்வளவு தொந்தரவில்லை. கொத்துமுன் சுவரை நன்றாக நனைக்கச் சொல்லுங்கள், பாதிப் புழுதி அங்கேயே அடங்கும். அந்தப் பக்கத்து ஜன்னல்களை உள்ளிருந்து பிளாஸ்டிக் தாள் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துணி திணித்துவிடுங்கள். கொத்து வேலையைக் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை என்று பேசி வைத்து, அந்த நேரம் அத்தையை எதிர்ப்பக்க அறையிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ உட்கார வையுங்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் அடங்கிய தூசி மறுபடி எழும்பி இளைப்பைக் கிளப்பிவிடும்.

கிணற்றை மூட வேண்டும். சுவரோர மல்லிகையைச் சாக்கால் போர்த்த வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு என் மல்லிகை இரண்டே நாளில் கருகியது, இன்றும் வருத்தம்தான். மின் இணைப்புக் கம்பி சாரத்துக்கு அருகில் வந்தால், கம்பு நடுமுன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிப் பாதுகாப்புச் செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் ஏணியைக் கழற்றி உள்ளே வைத்து, மாடி ஜன்னல்களைத் தாழிடுங்கள். சாரம் உங்கள் கொத்தனாருக்கு மட்டும் படிக்கட்டு அன்று.

குளியலறை வென்டிலேட்டருக்கு முதல் நாளே காகிதம் ஒட்டிவிடுங்கள். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே பலகை போட்டு நின்ற கொத்தனார், "அக்கா, புளிக்குழம்பு அடி பிடிக்குது" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார். உண்மையிலேயே பிடித்திருந்தது.

புனலூர்வாசி:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். உங்கள் பக்கத்துக் கொத்தனார்களில் பலர் அதிகக் கூலிக்காக ஆரியங்காவு தாண்டி இந்தக் கேரளப் பக்கம் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டால், பாதி கொத்திய சுவரோடு நீங்கள் நிற்க நேரிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு சுவர் முடிந்தால் அந்தச் சுவருக்குப் பணம் என்று எழுதி வாங்குங்கள்.

மேலத்தெரு மருமகள்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் புனலூர் அண்ணனுக்கும் மிகுந்த நன்றி. இன்று காலை மாடியேறிப் பார்த்ததில், தூம்புக்குழாய் சுவரைவிட்டு நான்கு விரல்கூட வெளியே நீளவில்லை. அதன் கீழே பச்சைப்பாசி தரைவரை கோடு இழுத்திருக்கிறது. மூன்று சுவர்களையும் தட்டினோம். தெற்கில் ஓரிடம் மட்டும் பொள்ளல். ஒப்பந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையநல்லூரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மூத்த கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறோம். வாடகை வீடு தேவையில்லை என்று கேட்டதும் அத்தை கடுக்காய் உடைக்க உலக்கையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.