எஸ்எஸ் டிராயிங் டைக்கு டைட்டானியம் நைட்ரைடு தாங்குமா?

அம்பத்தூர்_டூல்ரூம்:
எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டை டம்ளரா இழுக்குற டை (அச்சு), டி2 டூல் ஸ்டீல்ல செஞ்சது. மேல 3 மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு (தங்கக் கலர் கடினக் கோட்டிங்) போட்டு வாங்கினோம். ஒரே வாரத்துல ரேடியஸ்ல (வளைஞ்ச விளிம்புல) தங்கக் கலர் போயிடுச்சு. லென்ஸ் வச்சுப் பார்த்தா எஸ்எஸ் இழை இழையா ஒட்டி நிக்குது, டம்ளர் முழுக்க நீளக் கோடு. ஹார்ட் குரோமே (கடினக் குரோமியம் முலாம்) போதும். தேஞ்சா உரிச்சுட்டு மறுபடி போட்டுக்கலாம்.

கோட்டிங்_பக்கம்:
டி2-வை எந்தச் சூட்டுல டெம்பர் (கடினமாக்கின பிறகு மறுபடி சூடாக்குறது) பண்ணீங்க சார்? 200 டிகிரின்னா பிவிடி (வெற்றிடத்துல ஆவியாக்கிக் கோட்டிங் படிய வைக்கிற முறை) சேம்பரோட 450 டிகிரில ஹார்ட்னஸ் இறங்கும், அளவும் மாறும். கோட்டிங் கடினத்துல 2000 விக்கர்ஸைத் தாண்டி இருந்தாலும் அடியில ஸ்டீல் அமுங்கினா, சேத்து மேல கண்ணாடி வச்ச மாதிரிதான். விரிசல் விடும். உரிஞ்ச துகள் நடுவுல மாட்டி மிச்சத்தையும் அரைச்சுடும்.

அம்பத்தூர்_டூல்ரூம்:
520-ல ரெண்டு தடவை டெம்பரிங். ஹார்ட்னஸ் 58 ஹெச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) காட்டுது. பழியை ஸ்டீல் மேல போடாதீங்க.

கோட்டிங்_பக்கம்:
அப்போ பாலிஷைப் பாருங்க. ஆர்க் (மின்வில்) முறையில போட்டா மேல உலோகத் துளிகள் உறைஞ்சு நிக்கும். பளபளப்புல கண்ணுக்குத் தெரியாது, ஆனா எஸ்எஸ் முதல்ல பிடிக்கிறது அங்கதான். கோட்டிங் முடிஞ்சதும் டயமண்ட் பேஸ்ட்ல தேய்க்கணும்.

அம்பத்தூர்_டூல்ரூம்:
அதைப் போட்டுக் கொடுத்தவங்கதானே சொல்லணும்? பில்லுல ஒரு வரி இல்லை.

உராய்வு_லேப்:
ரெண்டு பேரும் கடினத்தையே பேசுறீங்க. கடினம் வேற, வழுக்கல் வேற. ஆயில் இல்லாம ஸ்டீல் மேல டைட்டானியம் நைட்ரைடோட உராய்வுக் கெழு 0.4லேர்ந்து 0.6 வரைக்கும் போகும். டிஎல்சி-க்கு (வைரம் மாதிரியான கார்பன் கோட்டிங்) 0.1, 0.2 தான். ஹைட்ரஜன் கலந்த டிஎல்சி வறண்ட நைட்ரஜன்ல 0.01-க்கும் கீழ இறங்கும். சென்னை ஈரக்காத்துல அதை எதிர்பார்க்காதீங்க, 0.1-ஐத் தாண்டிடும். அப்பவும் எஸ்எஸ் ஒட்டுறது நல்லாவே குறையும்.

அம்பத்தூர்_டூல்ரூம்:
அதுவும் உரியாதுன்னு என்ன உத்தரவாதம்?

உராய்வு_லேப்:
டையோட அதே ஸ்டீல்ல ஒரு துண்டு சேர்த்துப் போடச் சொல்லுங்க. அதுல ராக்வெல் சி ஹார்ட்னஸ் மெஷின்ல 150 கிலோ குத்து வச்சு, தடத்தைச் சுத்தி 100 மடங்கு பெரிசாக்கிப் பாருங்க. மெல்லிய விரிசல் இருந்தா பரவாயில்லை. கோட்டிங் செதில் செதிலா பேந்து அடி ஸ்டீல் தெரிஞ்சா ஹெச்எஃப்5, ஹெச்எஃப்6, அதாவது ஒட்டுத் தரத்துல கடைசி ரெண்டு நிலை. டையை வாங்காம திருப்பி அனுப்புங்க.

அம்பத்தூர்_டூல்ரூம்:
துண்டு அனுப்புறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் பிரஸ்ல ஹார்ட் குரோம் டைதான் ஓடும்.