கிறிஸ்து அரசர் விழாவுக்கு எம்.பி. வரலாமா?

வாவிக்கரை:
எங்கள் பங்கில் நவம்பர் 22ஆம் திகதி கிறிஸ்து அரசர் பெருவிழா. பங்குப்பேரவையில் ஒரு யோசனை வந்திருக்கிறது. பூசை முடிந்த கையோடு, போன மாரியில் வெள்ளம் பாதித்த குடும்பங்களுக்குக் கோவில் முற்றத்தில் உலர் உணவுப் பொதி. எடுத்துக் கொடுப்பதற்குப் பிரதம விருந்தினராக ஒரு எம்.பி. நான் வேண்டாம் என்று நிற்கிறேன். திட்டுகிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இந்த வருடம் அன்றைய வாசகம் மத்தேயு 25. அரசர் அரியணையில் இருந்து தீர்ப்புச் சொல்கிறார், சரி. ஆனால் அதுவரை எங்கே இருந்தேன் என்று அவரே சொல்கிறார்: பசித்தவனாக, உடுப்பில்லாதவனாக, சிறையில் கிடப்பவனாக. அதாவது வரிசையில். நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? வேறொருவரைக் கதிரையில் இருத்தி, அரசரை வரிசையில் விடப் போகிறோம்.

மிகைப்படுத்தவில்லை. இன்னொரு இடத்தில் நடந்த விநியோகத்துக்கு நான் போயிருந்தேன். விருந்தினருக்குப் பந்தல், வெள்ளைத் துணி போர்த்திய கதிரை, ஸ்டூலில் மூடி வைத்த செவ்விளநீர். வரிசை தூறலில். அவர் வரத் தாமதம். கால் கடுத்துப்போன ஒரு ஆச்சி பையை விரித்துத் தரையில் இருந்துவிட்டா. தொண்டர் அட்டை தொங்கவிட்ட பெடியன் ஒருத்தன் வந்து, "ஆச்சி எழும்புங்க, வாகனம் வருது, வரிசை வடிவா இருக்கோணும்" என்றான். ஆச்சியும் எழும்பினா. யாக்கோபு தன் கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில், பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மாட்டில் தரையும் காட்டுகிற சபையைக் கேள்வி கேட்கிறார். நாங்கள் தரையையும் கொடுக்கவில்லை.

எழுவான்கரையான்:
தம்பி, அந்தப் பேரவையில் நானும் இருக்கிறேன். யோசனை என்னுடையதுதான் என்று ஊருக்கே தெரியும், ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். இந்த விழா எப்படி வந்தது? 1925 டிசம்பர் 11இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் ஒரு சுற்றுமடல் எழுதி ஏற்படுத்தியது. முதலாம் உலகப்போர் முடிந்து, இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்து மூன்று வருடம். ஆளுகிறவர்களுக்கு மேலேயும் ஒரு அரசர் இருக்கிறார், அவருக்கு ஆட்சியாளரும் பகிரங்கமாகக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை வருடாவருடம் ஞாபகப்படுத்தத்தான் அந்தச் சுற்றுமடலே. அப்படியென்றால் அன்றைக்குக் கோவிலுக்கு வரவேண்டிய முதல் ஆள் யார்? ஆட்சியில் இருக்கிறவன்தானே. அவனை வாசலில் மறித்துவிட்டு எங்களுக்குள்ளேயே பிரசங்கம் வைத்தால் யாருக்கு உறைக்கும்?

இன்னொன்று. ஏழைக்கு நீதி செய்வது அரசனின் வேலை என்று திருப்பாடல் 72 சொல்கிறது. எரேமியா 22இல், யோசியா அரசன் எளியவனின் வழக்கை எடுத்துப் பேசினான், என்னை அறிவது என்றால் அதுதானே என்று ஆண்டவரே கேட்கிறார். எங்கள் மட்டக்களப்பில் கிரான், புலிபாய்ந்தகல் பாதையை யோசியுங்கள். மாரியில் தண்ணீர் ஏறினால் நோயாளியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வள்ளத்தில்தான். உன்னிச்சைக் குளத்துக் கதவு திறந்தால் வவுணதீவுப் பக்கத்துக்காரருக்கு இரவில் நித்திரை இல்லை. பாலமும் குளக்கட்டும் உண்டியல் காசில் வருமா? அதிகாரம் வேண்டும். அதிகாரம் உள்ளவனோடு முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

வாழைச்சேனை விசுவாசி:
சகோதரர்கள் இருவருக்கும் தோத்திரம். நான் கத்தோலிக்கன் அல்ல, எங்களிடம் இந்தப் பண்டிகையும் இல்லை. என் ராஜ்யம் இவ்வுலகத்துக்குரியதல்ல என்று பிலாத்துவின் முன்னால் கர்த்தர் சொல்லிவிட்டார். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அன்றைக்கு ஜனங்கள் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தார்கள், அவர் தனியே மலைக்கு விலகிப்போனார் (யோவான் 6:15). அப்பம் கொடுத்த இடத்தில் ராஜா வேலை கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நடைமுறையிலும் ஒன்று. நாங்கள் அரிசி கொடுத்தால் "மதம் மாற்றக் கொடுக்கிறான்" என்கிறார்கள். அரசியல்வாதி கொடுத்தால் வாக்குக்கு. இரண்டும் ஒரே முற்றத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். சபை சுவிசேஷத்தைப் பார்க்கட்டும், நிவாரணத்தைப் பிரதேச செயலகம் பார்க்கட்டும்.

வாவிக்கரை:
விசுவாசி அண்ணா, 6:15ஐ நானே எழுத இருந்தேன், முந்திவிட்டீர்கள். ஆனால் அவர் மலைக்குப் போனது அப்பம் கொடுத்த பிறகு. கொடுக்காமலே மலையேற எங்களுக்கு அனுமதி இல்லை.

எழுவான்கரை ஐயா, பாலமும் குளக்கட்டும் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் பாலத்தைக் கேளுங்கள்! ஏன் அவரிடம் பருப்புப் பையைக் கொடுத்து நிற்க வைக்கிறீர்கள்? பாலம் அவருடைய வேலை, பருப்பு அவருடைய வேலை இல்லை. அந்தப் பருப்பு அவர் காசும் இல்லை, எங்கள் பங்குச் சனம் சேர்த்தது. தன் வேலையைச் செய்யாதவருக்கு எங்கள் வேலையைக் கொடுத்து, அதற்குப் பொன்னாடையும் போர்த்தி அனுப்புகிறோம். வருகிற மாரியிலும் புலிபாய்ந்தகல்லில் வள்ளம்தான் ஓடும்.

அரசர்களைப் பற்றி வேதாகமம் நல்லதாக மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கும் ஒரு அரசன் வேண்டும் என்று இஸ்ராயேலர் கேட்டபோது சாமுவேல் பட்டியல் போட்டாரே, 1 சாமுவேல் 8இல். உன் மகனைத் தேர் ஓட்ட எடுப்பான், மகளைச் சமைக்க எடுப்பான், நல்ல வயலை எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றையும் எடுப்பான். படுவான்கரையில் போடியார் என்ற பெரிய நிலக்காரர் காலத்தில் வயல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எழுவான்கரையான்:
போடியாரை இழுக்காமல் உங்களுக்கு எழுத வராதா? எங்கள் அப்பப்பாவும் போடியார்தான். 78 சூறாவளிக்குப் பிறகு அவருடைய வாடியில்தான் பத்துப் பதினைந்து குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது. அதிகாரம் இருந்த எல்லோரும் கொள்ளைக்காரர் இல்லை.

சாமுவேல் எச்சரித்தார், உண்மை. அப்புறம் அவரே சவுலுக்கு எண்ணெய் வார்த்தார் இல்லையா? அரசன் வேண்டாம் என்று போராட்டம் நடத்திக்கொண்டு இருக்கவில்லை. கூடவே நின்றார், பிழை விட்டபோது முகத்துக்கு நேரே சொன்னார். கூட நின்றபடியால்தான் சொல்ல முடிந்தது.

சூரிச் மழை:
ஊரை விட்டு வந்தவன் இதில் வாய் வைக்கலாமோ தெரியாது, ஆனால் அந்தப் பொதிகளில் கொஞ்சக் காசு எங்களுடையதும். இங்கே பதினைந்து, இருபது குடும்பம் மாதாமாதம் போடுகிறோம். எம்.பி. வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான். படம் மட்டும் வேண்டும். கர்வத்துக்கு இல்லை. முன்னொரு காலம் காசு அனுப்பி, அது எங்கே போனதென்று தெரியாமல் பட்ட பாடு போதும். படம் இல்லை என்றால் அடுத்த மாதம் பாதிப்பேர் நிறுத்திவிடுவார்கள். இது கசப்பான உண்மை, வாவிக்கரைத் தம்பிக்குப் பிடிக்காது.

வாகரைப் பிள்ளை:
இவ்வளவு நேரம் சும்மா வாசித்துக்கொண்டு இருந்தேன். நான் வரிசையில் நின்றவள், இன்றைக்கும் தேவை வந்தால் நிற்பேன். வெட்கம் இல்லை. மனிசன் இல்லை, இரண்டு பிள்ளைகள், நுண்கடன் கிழமைக்குக் கிழமை.

படம் எடுத்தது எம்.பி.யின் ஆட்கள் மட்டும் என்று நினைக்கிறீர்களா? கோவில் ஆட்களும் எடுத்தார்கள். கொடுத்த பையை ஒருக்கால் திரும்ப வாங்கி, "அக்கா, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பிடிங்கோ" என்று திரும்பத் தந்தார்கள். பின்னால் ஒரு பனர். அதில் யாரோ வெளிநாட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் படம், கேக்கோடு. அந்தப் படம் முகநூலில் வந்து, என் மகளின் வகுப்பில் ஒரு பிள்ளை போனில் காட்டியிருக்கிறது. மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். பையில் இருந்த சீனியும் மாவும் ரின் மீனும் அந்தக் கிழமையோடு முடிந்தது, படம் இன்னும் இருக்கிறது.

சூரிச் அண்ணா, உங்களுக்குக் கணக்கு வேண்டும், நியாயம். கடை பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கிய தாளை அனுப்பச் சொல்லுங்கள். என் முகம் எந்தக் கணக்கைக் காட்டும்?

அப்புறம், எனக்குக் கதிரை பிரச்சினையே இல்லை. யாரும் இருந்துவிட்டுப் போகட்டும். பட்டியல்தான் பிரச்சினை. யாருடைய பெயர் இருக்கும், யாருடையது விடுபடும் என்பதை நாலைந்து ஆம்பிளைகள் முதல்நாள் இரவு முடிவெடுக்கிறார்கள். எங்கள் வீதியில் உண்மையாகவே வீடு மூழ்கின கிழவிக்குப் பெயர் இல்லை, மோட்டார் சைக்கிள் இரண்டு நிற்கிற வீட்டுக்கு இருந்தது.

ஆலையடி:
நான் சைவம், இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்தவன். இதற்கு மட்டும் கையைத் தூக்குகிறேன். எங்கள் கோவில் அன்னதானத்திலும் இதே கதைதான். கோவிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாருக்குத் தெரிந்த குடி, தெரியாத குடி. சுனாமி நேரம் பள்ளிக்கூடம், கோவில், சேர்ச், பள்ளிவாசல் என்று கதவு திறந்த இடமெல்லாம் சனம் இருந்தது. அந்த முதல் ஒன்றிரண்டு நாள் யாரும் பட்டியல் கேட்கவில்லை. பட்டியல் வந்த பிறகுதான் சண்டையும் வந்தது.

வாவிக்கரை:
வாகரைப் பிள்ளை, நீங்கள் சொன்ன பட்டியல் சண்டை திருச்சபையின் முதல் சண்டைகளில் ஒன்று. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம். எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வருகிறது. "நாங்கள் நேர்மையாகத்தான் கொடுக்கிறோம்" என்று பேதுருவும் மற்றவர்களும் அறிக்கை விடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு எந்தப் பக்கத்தில் இருந்து வந்ததோ, அந்தப் பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். எங்கள் பேரவை இதைச் செய்யுமா? விடுபட்ட வீதியில் இருந்து, வரிசையில் நின்ற பெண்களே பட்டியலை எழுதட்டும்.

படத்தைப் பற்றியும் ஒன்று. இந்த விழா வந்து இரண்டு வருடத்தில், 1927 நவம்பர் 23இல், மெக்சிகோவில் மிகுவேல் புரோ என்ற இயேசு சபைக் குருவை வழக்கு விசாரணை இல்லாமல் சுட்டார்கள். கிறிஸ்து அரசர் வாழ்க என்று சொல்லிக்கொண்டு கைகளை விரித்து நின்றார். அதைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்ததே அரசாங்கம்தான், பார்க்கிறவன் பயப்படட்டும் என்று. யாரை எப்படிக் காட்டுவது என்பதை அதிகாரம் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கும், அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி. எங்களுக்கும் இயேசு சபைக் குருக்களைத் தெரியும். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போன யூஜின் ஹீபர்ட் அடிகளாருக்கு எந்த மேடையிலும் பொன்னாடை தேவைப்படவில்லை.

எழுவான்கரையான்:
ஹீபர்ட் சுவாமியை வைத்து என்னை அடிக்க வேண்டாம், தம்பி. மைக்கேல் கல்லூரியில் அவர் கூடைப்பந்து பழக்கிய பெடியன்களில் என் அண்ணனும் ஒருத்தன். அவரும் ஆபத்தில் இருந்த சனத்துக்காக அதிகாரிகளோடு பேசினவர்தான். பேசாமல் இருந்தால் பாதுகாப்பு என்று அவர் நினைக்கவில்லை.

பட்டியல் விஷயம் நியாயம். பிள்ளை சொன்ன அந்தக் கிழவியின் வீடு எது என்று எனக்குத் தனியாக எழுதிவிடு மகள். படமும் வேண்டாம், பனரும் வேண்டாம், இதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் எம்.பி.யை அழைக்கத்தான் போகிறேன். மைக் கொடுக்கமாட்டோம், பொதியும் கொடுக்கச் சொல்லமாட்டோம். பூசையில் இருந்து மத்தேயு 25ஐக் காதால் கேட்கட்டும். முடிந்ததும் பாலத்துக்கான மனுவைப் பாதர் முன்னிலையில் கையில் கொடுப்போம். இதற்கும் முகம் சுளித்தால் உங்களோடு பேசிப் பயனில்லை.

வாவிக்கரை:
எங்கே இருப்பார்?

எழுவான்கரையான்:
விருந்தினரை வாங்கில் இடித்துக்கொண்டு இருங்கோ என்று சொல்வதா? முன்வரிசையில் ஒரு கதிரை.

வாவிக்கரை:
அதைத்தான் யாக்கோபு கேட்கிறார், ஐயா. சனத்தோடு வாங்கில் இருந்தால் நானே போய் வாசலில் நின்று வரவேற்கிறேன். துணி போர்த்திய கதிரை என்றால் பேரவையில் கை தூக்கி எதிர்ப்பேன்.

சூரிச் மழை:
பில்லும் கையெழுத்துத் தாளும் போதும் என்று எங்கள் குழுவில் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் ஏற்கெனவே சண்டைக்கு வந்துவிட்டார்கள். பார்ப்போம். பிறந்தநாள் பனர் ஒன்று என் தங்கை வீட்டாருடையதாகவும் இருக்கலாம், அது வேறு கதை.

வாழைச்சேனை விசுவாசி:
கத்தோலிக்கச் சகோதரர்கள் கதிரையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது, அந்தப் பட்டியலில் எங்கள் சபைக் குடும்பமும் சைவக் குடும்பமும் வருமா?

வாகரைப் பிள்ளை:
வெள்ளம் யாரென்று பார்த்து வரவில்லை அண்ணா, நாங்கள் எழுதினால் வரும்.

எழுவான்கரை மாமா, கூட்டத்தைப் பின்னேரம் ஆறு மணிக்கு வைத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவரும் வரமாட்டார்கள், திரும்பிப் போகப் பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த உடனே வையுங்கோ.

எழுவான்கரையான்:
செயலாளரிடம் சொல்லி மாற்றுகிறேன். கதிரையில் நான் மாறவில்லை, அதையும் அன்றைக்கே வாக்குக்கு விடுவோம்.