மாக்கோதை வெள்ளிக்காசில் இருப்பது சேரனின் முகம்தானா?

கேள்வி:
கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த, தமிழி (பண்டைத் தமிழ்) எழுத்தில் 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசின் படத்தை அண்மையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்புறம் பக்கவாட்டில் ஓர் ஆண்முகமும் தலைக்கு மேலே பெயரும் இருக்க, பின்புறம் வெறுமையாக உள்ளது. முகம் உரோமானியக் காசுகளையே நினைவூட்டுகிறது. இது சேர மன்னனின் உருவமா, அகஸ்டஸ், திபேரியஸ் போன்ற உரோமானியப் பேரரசர்களின் முகத்தைப் படியெடுத்து நம் மன்னன் பெயரை இட்டதா? புறநானூற்று 245ஆம் பாடலைப் பாடிய, கோட்டம்பலத்துத் துஞ்சிய (கோட்டம்பலத்தில் இறந்த) சேரமன்னன் மாக்கோதைதான் இவன் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
உரோமானியக் காசே முன்மாதிரி என்பதில் எனக்கு ஐயமில்லை. கொங்குநாட்டில் வெள்ளலூர், பொள்ளாச்சி முதலிய இடங்களில் உரோமானிய வெள்ளிக்காசுகள் புதையல்களாகவே கிடைத்துள்ளதால், அச்சு வெட்டியவர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். ஆனால் அவர் வெறுமனே படியெடுக்கவில்லை. அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் கேடயங்களோடு நிற்கும் இரு இளவரசர்களும், திபேரியஸ் காசின் பின்புறத்தில் கையில் கிளையேந்தி அமர்ந்திருக்கும் பெண்ணும் உண்டு. இவற்றில் ஒன்றையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தைச் சுற்றி ஓடும் இலத்தீன் எழுத்துகளைப் பொருளற்ற கோடுகளாக்காமல், தெளிவாகப் படிக்கக்கூடிய தமிழ்ப்பெயரை வெட்டியிருக்கிறார். எனவே, முகச்சாயல் மெய்யானதாயினும் ஆகாவிட்டாலும், அதைத் தம் மன்னனின் முகமாகவே அவர் மக்கள் முன் வைத்தார் என்பது என் துணிபு.

மறுமொழி 2:
காசின் மாக்கோதையும் புறநானூற்று மாக்கோதையும் ஒருவரா என்ற கேள்விக்கு உறுதியான விடை கூற இயலாது. கோதை என்பது சேரர் பலருக்கு வழங்கிய பெயர். 'குட்டுவன் கோதை' என்று பொறித்த காசும் கிடைத்துள்ளது; புறநானூற்று 54ஆம் பாடலின் தலைவனும் சேரமான் குட்டுவன் கோதையே. இருவகைக் காசுகளும் கி.பி. முதல் நூற்றாண்டையோ சற்றுப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தவையாகக் கருதப்படுவதால், பெயர்ப் பொருத்தம் மனத்தை ஈர்ப்பது இயல்பே. 'கோட்டம்பலத்துத் துஞ்சிய' என்னும் அடைமொழி காசில் இல்லையே என்று மறுப்போரும் உளர். அவ்வாதம் நிற்காது, இறந்த இடத்தால் பெற்ற அடைமொழியை, உயிரோடு ஆண்டபோது வெளியிட்ட காசில் எவ்வாறு எதிர்பார்க்க முடியும்?

மறுமொழி 3:
இக்காசுகளை ஆராய்ந்து வெளியிட்ட நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் பணி இல்லையேல் இவ்வுரையாடலே நிகழ்ந்திராது. எனினும் ஆற்றுமணலில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை என்பது பேரிழப்பு. முறையான அகழாய்வுக் குழியில் ஒரே ஒரு மாக்கோதைக் காசு கிடைத்தாலும் காலக்கணிப்பு வலுப்பெறும்.