ஜெர்மன் ஏ1: ஆண்டுச் சந்தா கட்டும் முன் செயலியை எப்படிச் சோதிப்பது?

குறிஞ்சி:
குடும்ப விசாவுக்கு ஜெர்மன் மொழி, பண்பாட்டு அமைப்பான கோத்தே நிறுவனத்தின் ஏ1 (தொடக்க நிலை) தேர்வு எழுதணும். வகுப்பு கிடையாது, செயலிதான். எல்லாமே "ஏ1 முழுவதும்" என்கின்றன. 7 நாள் இலவசக் காலத்துக்குள் எதை வைத்துத் தரம் பார்ப்பது? நட்சத்திர மதிப்பீடு போதுமா?

மாறன்:
நட்சத்திரம் பெரும்பாலும் முதல் வார உற்சாகம். 'ஏ1' முத்திரையும் அவர்களே குத்திக்கொள்வதுதான். ஐரோப்பிய கவுன்சில் 2001ல் இந்த நிலைகளை வகுத்ததோடு சரி, செயலிகளுக்குச் சான்று தருவதில்லை.

கோத்தே நிறுவனத்தின் ஏ1 சொற்பட்டியல் இலவசம், ஏறத்தாழ 650 சொற்கள். அதில் 20 சொற்களைக் கண்டபடி எடுத்துச் செயலியில் தேடுங்க. பெயர்ச்சொல்லோடு அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் வருதா, பன்மை வருதா பாருங்க. வெறும் 'டிஷ் = மேசை' என்று மனப்பாடம் செய்தால், செயப்படுபொருளாக வரும்போது 'டெர்' 'டென்' ஆகும் பாடத்தில் மொத்தமும் குழம்பும்.

பிறகு 'டெர் டிஷ்' என்பதற்குப் பதில் வேணும்னே 'டீ டிஷ்' என்று தட்டுங்க. சிவப்புக் காட்டிச் சரியான விடையை மட்டும் சொன்னால் அது வினாடி வினாதான். ஏன் தப்பு என்று ஒரு வரியாவது வரணும்.

கயல்:
தட்டுவதற்கு வழியே இல்லாத செயலிகளும் உண்டு. சொல் கட்டைகளை வரிசைப்படுத்துவதோடு முடிஞ்சுது. ஜெர்மனில் பெயர்ச்சொல்லும் வாக்கியத்தின் முதல் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். கட்டையைப் பார்த்தே பாதி விடையை ஊகிக்கலாம், மொழி தெரியவே வேண்டாம். தேர்விலோ படிவம் நிரப்பி, சுமார் 30 சொற்களில் ஒரு மடல் சொந்தமாக எழுதணும்.

பேச்சுச் சோதனையையும் ஏமாற்றிப் பாருங்க. 'அழகு' என்ற பொருளில் வரும் சொல்லுக்கு உதட்டைக் குவித்து 'ஏ' ஒலிக்கணும். அதை 'ஷோன்' என்று சொன்னால் 'ஏற்கனவே' என்று பொருள் மாறிடும். அதற்கும் பச்சை காட்டினால், அந்தச் செயலி எதிர்பார்த்த வாக்கியத்தோடு தோராயமாக ஒப்பிடுது, அவ்வளவுதான். எப்படியும் பேச்சுத் தேர்வு மற்ற தேர்வர்களோடு குழுவாக நடக்கும். அதற்குப் பேச ஒரு ஆள் வேணும்.

இளவேனில்:
கேட்டல் பகுதியை விட்டுட்டீங்க. தேர்வில் பொது அறிவிப்புகள் ஒரே தடவைதான் ஒலிக்கும், மற்ற இரண்டு பகுதிகள் இரு தடவை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கவிடும் செயலி அந்தப் பழக்கத்தைத் தராது. எண்களைத் தனியாகப் பாருங்க: 25ஐ 'ஐந்தும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள், தொலைபேசி எண்ணில் தடுமாற்றம் அங்கேதான்.

7 நாளில் நாலாவது நாளே கோத்தே தளத்தின் மாதிரித் தாளைப் போட்டுப் பாருங்க, அதுவும் இலவசம். தேர்ச்சிக்கு 100க்கு 60. இப்போதே அந்த மதிப்பெண் வராது. எந்த வகைக் கேள்விக்குச் செயலியில் பயிற்சியே இல்லை என்று குறிச்சுக்குங்க. எழுத்தும் பேச்சும் இரண்டுமே இல்லை என்றால் ஆண்டுச் சந்தா வேண்டாம். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லயின் 'நிக்கோஸ் வேக்' பாடத்தொடர் ஏ1 முதல் பி1 வரை காசில்லாமல் இருக்கு. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, பிளே ஸ்டோரில் போய்த் தனியாக ரத்து செய்யணும்.