டிசிஐ பாக்ஸில் எண் உரிந்துபோன டிரான்சிஸ்டர்: பதிலுக்கு எதைப் போடலாம்?

ரெட்டைசிலிண்டர்:
வணக்கம். 1981 மாடல் ஜப்பான் வண்டி, இரட்டை சிலிண்டர், பேட்டரியில் ஓடுற டிசிஐ இக்னிஷன் (காயில் கரண்டை டிரான்சிஸ்டர் வெட்டி ஸ்பார்க் உண்டாக்குற வகை). நாலு வருஷம் தார்ப்பாய்க்குள்ள கிடந்துச்சு. போன மாசம் தூசி தட்டி எடுத்தேன், முதல் நாள் ஓடுச்சு. மறுநாள் ஒரு பக்கம் அடைச்ச மாதிரி இருந்ததால நோண்டினேன். அப்புறம் ஸ்பார்க்கே இல்லை.

ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு சிக்னல் கொடுக்குற பிக்கப் காயில் 690 ஓம், இக்னிஷன் காயிலோட பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடுற சுருள்) 2.5 ஓம். ரெண்டும் சரியா இருக்குன்னு பாக்ஸைத் திறந்தேன். உள்ளே ரப்பர் மாதிரி ஏதோ ஊத்தி வச்சிருக்காங்க. மூங்கில் குச்சியைச் சீவி மூணு ராத்திரி சுரண்டினேன். ஓரத்தில், அலுமினியத் தகட்டோட திருகி வச்ச மூணு கால் (பேஸ், கலெக்டர், எமிட்டர்) பவர் டிரான்சிஸ்டர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல மீட்டரை எந்தப் பக்கம் வச்சாலும் பூஜ்யம். செத்துருச்சு, சந்தேகமில்லை.

பிரச்சினை என்னன்னா, ரப்பரோட சேர்ந்து எழுத்தும் உரிஞ்சு வந்துருச்சு. "டி1" வரைக்கும்தான் தெரியுது. அதே எண்ணில் பழைய சரக்கு தேடுறதுக்கு வழி உண்டா?

கிளட்ச்வயர்:
புது பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டிட்டு ஓட்டுங்க தம்பி. எதுக்கு இந்தத் தலைவலி.

ரெட்டைசிலிண்டர்:
அண்ணே, அது தெரியாமலா மூணு ராத்திரி சுரண்டினேன்?

ஈயப்பற்று:
தம்பி, எண்ணைத் தேடாதீங்க. வேலையைத் தேடுங்க. நாற்பது வருஷத்துக்கு முந்தின ஜப்பான் நம்பர் போட்டு இப்ப விற்கிறதுல பாதிக்கு மேல அச்சை அழிச்சு மறுபடி அடிச்சதுதான்னு என் நினைப்பு. நானே ரெண்டு தடவை ஏமாந்திருக்கேன். ஒண்ணை உடைச்சுப் பார்த்தா உள்ளே சில்லு மிளகுப் பாதி அளவுதான் இருந்துச்சு.

ஜப்பான்காரங்க முன்னாடி வர்ற "2எஸ்"ஸை உடம்புல அடிக்க மாட்டாங்க. உங்க "டி1" முழுசா 2எஸ்டி1-ன்னு தொடங்குது. சி, டி ரெண்டும் என்பிஎன். ஏ, பி ரெண்டும் பிஎன்பி, அதாவது கரண்ட் திசை அப்படியே எதிரான வகை. ஆக உங்களுது என்பிஎன். பாதிக் கேள்விக்கு அந்த ஒரு எழுத்தே பதில் சொல்லிருச்சு.

மீதியைக் கணக்குப் போடலாம். வண்டி ஓடும்போது 14 வோல்ட், காயில் 2.5 ஓம். அதிகபட்சம் 5.6 ஆம்பியர். கரண்டை வெட்டுற நேரத்தில் பிரைமரியில் 300, 400 வோல்ட் எகிறும். அதனால 400 வோல்ட், 10 ஆம்பியருக்குக் குறையாம வேணும். பியூ941-ஐப் பாருங்க: 400 வோல்ட், 15 ஆம்பியர், இக்னிஷன் காயிலை ஓட்டுறதுக்குன்னே பண்ண டார்லிங்டன் (உள்ளே ரெண்டு டிரான்சிஸ்டர் அடுத்தடுத்து, அதனால பேஸுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும்). பியூ941இசட்பி கிடைச்சா இன்னும் நல்லது. 350 வோல்ட் வாக்கில் தானே பிடிச்சு நிறுத்துற கிளாம்ப் உள்ளேயே இருக்கு.

ஆனா பழசு டார்லிங்டன்தானான்னு முதல்ல தெரியணும். அதோட பேஸுக்குப் போற ரெசிஸ்டர் எத்தனை ஓம்? நூறு பக்கம் இருந்தா டார்லிங்டன். இருபதுக்குப் பக்கத்தில் குண்டா ஒரு வயர்வவுண்ட் இருந்தா சாதா டிரான்சிஸ்டர், அப்ப வேற பேச்சு.

இன்னொண்ணு கேட்கணும். நோண்டினேன்னு சொன்னீங்களே, என்ன நோண்டினீங்க? பிளக் கேப்பைக் கழட்டித் தொங்கவிட்டு ஸ்டார்ட்டர் அடிச்சீங்களா?

மீட்டர்முள்:
பெரியவர் சொன்னதோட ஒண்ணு. போர்டுல சின்ன டிரான்சிஸ்டர் சி1815 இருந்து, அதுவும் போயிருந்தா, பிசி547 போடலாம்னு பலர் சொல்வாங்க. போடலாம், ஆனா கால் வரிசை வேற. தட்டை முகத்தை நம்ம பக்கம் வச்சுப் பார்த்தா 1815-க்கு இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். 547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே சொருகினா வேலை செய்யாது. அப்புறம் பெரிய டிரான்சிஸ்டர் மேல பழி விழும்.

இப்ப ஐஜிபிடி (கேட் காலில் வோல்ட்டேஜ் கொடுத்து ஓட்டுற வேற வகைப் பவர் டிரான்சிஸ்டர்) போடுறவங்களும் இருக்காங்க. நல்ல சாமான்தான், ஆனா அதோட கேட்டை ஓட்டுற சர்க்யூட்டையும் மாத்தணும்.

ரெட்டைசிலிண்டர்:
ஈயப்பற்று ஐயா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இடது கேப்பைக் கழட்டித் தொங்கவிட்டு, வலது பிளக்கை இன்ஜின்லயே விட்டு, பத்து செகண்ட் ஸ்டார்ட்டர் அடிச்சேன்.

பேஸ் ரெசிஸ்டர் 120 ஓம். ரெண்டு சி1815-ம் உயிரோட இருக்கு.

ஈயப்பற்று:
அதான். உங்க வண்டியில் ரெண்டு பிளக்குக்கும் ஒரே காயில், ரெண்டு வாய். ஒரு வாயில் கிளம்புற ஸ்பார்க், ஹெட் வழியா அடுத்த பிளக் ஏறித்தான் திரும்பும். ஒரு கேப் தொங்கினா மொத்த வழியும் அடைஞ்சு போகும். வெளியே போக வழியில்லாத சக்தி டிரான்சிஸ்டர் மேல திரும்பி அடிக்கும். ஸ்பார்க் பார்க்கணும்னா ரெண்டு கேப்பிலும் பிளக்கைச் சொருகி, ரெண்டையும் ஹெட்டில் அழுத்தி வச்சுட்டுப் பாருங்க.

டார்லிங்டன்தான், பியூ941இசட்பி வாங்குங்க. மாட்டும்போது நடுவுல வைக்கிற, கரண்ட் கடத்தாத மைக்காத் தகட்டை மறந்துடாதீங்க. முதுகுத் தகடு கலெக்டர். அது அலுமினியத்தைத் தொட்டா காயில் நேரா எர்த் ஆகி, சாவியைத் திருப்பின உடனே கொதிக்க ஆரம்பிக்கும்.

ரெட்டைசிலிண்டர்:
பதினோரு நாள் கழிச்சு வர்றேன். 941 பழசைவிட அகலம், கால் இடைவெளியும் போர்டு ஓட்டைக்கு ஒத்துவரலை. காலை வளைச்சு, ஒவ்வொண்ணுக்கும் இன்சுலேஷன் ஸ்லீவ் மாட்டி இறக்கினேன். திருகை முறுக்கினப்புறம் முதுகுக்கும் தகட்டுக்கும் மீட்டர் வச்சா சின்னதா ஒரு பீப். கழட்டிப் பார்த்தா ஓட்டை விளிம்பில் நூல் மாதிரி ஒரு அலுமினியப் பிசிறு மைக்காவைக் கிழிச்சிருக்கு! அரத்தால தேய்ச்சு, புது மைக்கா போட்டேன்.

காயிலுக்குப் பதிலா 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போட்டு, பிக்கப் முன்னாடி ஸ்பேனரை ஆட்டினேன். பல்பு மினுக்குது. அப்புறம்தான் காயில் மாட்டினேன். ரெண்டு பிளக்கிலும் நீலமா அடிக்குது. இப்ப ஜன்னல் ஓரம் ஒட்டுற சிலிக்கானை ஊத்தி மூடிடலாமா?

ஈயப்பற்று:
டியூபைத் திறந்து மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா வேண்டாம், அந்த ஆசிட் செம்பை அரிக்கும். நியூட்ரல்னு போட்டது வாங்குங்க. அதுக்கும் முன்னாடி மூடாமலேயே அரை மணி நேரம் நல்லா சூடேற ஓட்டிப் பாருங்க. மறுபடி சுரண்ட மூங்கில் சீவணுமே.